கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

(சர்வதேச புலம்பெயர்ந்தோர் தினத்தை முன்னிட்டு, 2024 டிசம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை நமுனுகுலயில் நடந்த மாதர் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் நமது சங்கத்தின் அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. வந்தவர்கள் பலர் எழுத்தில் கேட்டதால் இங்கே தருகிறோம்.)



போன மாதம் ஐந்தாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ‘எனது அம்மா’ என்று ஒரு கட்டுரை எழுதக் கொடுத்தேன். வகுப்பில் 23 பிள்ளைகள். ஆறு பிள்ளைகள் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். என்ன என்று கேட்டேன். ஒரு பிள்ளை மெதுவாக எழும்பி, “டீச்சர், போன்ல பேசுற அம்மாவை எழுதலாமா?” என்று கேட்டது.

எழுதலாம் என்றேன். எழுதியது. நல்லாவே எழுதியது. அம்மாவுக்கு அங்கே இரவு, நமக்கு இங்கே விடியற்காலை என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா எந்த நாட்டில் இருக்கிறா என்று கேட்டால் சொல்கிறது. எந்த ஊர், யார் வீடு, எந்த ஏஜென்சி என்று கேட்டால் அதற்குத் தெரியாது. அது சின்னப் பிள்ளை. பிறகு நான் அந்த வீட்டுக்குப் போய் ஆச்சியிடம் கேட்டேன், அப்பாவிடம் கேட்டேன். அவர்களுக்கும் தெரியாது. “பதுளையில ஒரு ஆளு மூலமாத்தான் டீச்சர் போனா” என்கிறார்கள். அந்த ஆளின் போன் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை.

அந்த ஆறு வீடுகளுக்கும் போனேன். ஒரே ஒரு வீட்டில்தான் ஒப்பந்தப் பத்திரத்தின் பிரதி இருந்தது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். ஒரு குடும்பம் வேறு நாட்டுக்குப் போகும்போது கையில் என்ன கடதாசி இருக்கிறது, அதை யார் எழுதினார்கள், போகிற ஆளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியுமா என்பதுதான் விஷயம். நம் சனத்துக்கு இது புதுக் கேள்வியும் இல்லை. 200 வருஷமாக இருக்கிற கேள்வி.

என் குடும்பத்தில் மூன்று பேர் கடல் தாண்டியிருக்கிறார்கள். அந்த மூன்று பேருடைய கதையையும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே கதை இருக்கும், ஆட்கள்தான் வேறாக இருப்பார்கள்.

முதல் ஆள் என் அம்மாயியின் தாத்தா. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று மட்டும்தான் தெரியும். கிராமத்தில் பஞ்சம், கையில் கடன். கண்டிச் சீமையில் தேங்காயும் மாசியும் தேயிலைத் தூரில் விளைகிறது என்று கங்காணி சொன்னதாக நம் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கேட்ட சனத்துக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே எத்தனையோ பேர் செத்தார்கள். போன வருஷம், 2023-இல், மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நம்மவர்கள் நடந்தது அந்தப் பாதையை நினைத்துத்தான்.

பிறகு மண்டபம் முகாம் வந்தது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. வருகிற ஆளின் உடம்பில் ஒரு தகரத் துண்டைக் கட்டினார்கள். அதில் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அடித்திருக்கும். பேர் இருக்காது. அதோடு இன்னொரு துண்டும் இருந்தது, கடன் துண்டு. இந்த ஆள் இவ்வளவு கடன்காரன், இவனை எடுக்கிற தோட்டம் இந்தக் காசைக் கட்ட வேண்டும் என்று எழுதிய கடதாசி. அந்தத் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். தன் கடன் எவ்வளவு என்று அந்தத் துண்டில் எழுதியிருந்ததை என் அம்மாயியின் தாத்தா வாசித்திருக்க மாட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. கங்காணி சொன்னதுதான் கணக்கு.

இரண்டாவது ஆள் என் அம்மாயியின் அண்ணன். நான் பெரிய தாத்தா என்று சொல்கிறவர். அவரை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

இங்கே இருக்கிற இளம் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பழைய கணக்கைச் சொல்ல வேண்டும். 1948-இல் சுதந்திரம் வந்த அதே வருஷம் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து நம்மை நாடற்றவர்களாக்கினார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 975,000 பேர் என்று எண்ணி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று வைத்தார்கள். 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள். தேயிலைத் தூள் பெட்டியைப் பிரிக்கிற மாதிரி.

அந்த மேசையில் நம் ஆள் ஒருவர்கூட உட்காரவில்லை. பிறகு மனு போடச் சொன்னார்கள். 1970 வரைக்கும் மனு எடுத்தார்கள். இந்தியாவுக்குப் போகிறோம் என்று மனுப் போட்டவர்கள் சுமார் நான்கு இலட்சம் பேர். இங்கேயே இருக்கிறோம் என்று மனுப் போட்டவர்கள் சுமார் ஏழு இலட்சம் பேர். அதாவது மேசையில் போட்ட கணக்கும் சனத்தின் மனதில் இருந்த கணக்கும் ஒத்துவரவில்லை. ஆனால் நடந்தது மேசைக் கணக்கு.

என் அம்மாயி இலங்கைக்கு மனுப் போட்டவர். பெரிய தாத்தா இந்தியாவுக்கு மனுப் போட்டவர். ஒரே காம்பிராவில் பிறந்த அண்ணனும் தங்கச்சியும். ஏன் அப்படி என்று அம்மாயியிடம் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “பாரம் நெரப்புனவரு கேட்டாரு, அண்ணன் தலையாட்டுனாரு” என்றார். பெரிய பெரிய காரணம் ஒன்றும் அவர் சொல்லவில்லை. ஒரு தலையாட்டு. மனுப் போட்டு வைத்தவர்கள் சில பேர் போக மனமில்லாமல் இருந்தார்கள். பிறகு 1973, 74-இல் பஞ்சம் வந்தது. மாவும் அரிசியும் இல்லாமல் தோட்டங்களில் சனம் செத்தது. மரவள்ளிக் கிழங்கும் கீரையும் தின்று பிழைத்தவர்கள் இங்கேயே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். அந்தப் பஞ்சத்தில்தான் பெரிய தாத்தா போவதென்று முடிவு செய்தார். வெளியேறச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது.

பதுளை ஸ்டேசனில் ஏறினார்கள். கோச்சி புறப்பட்டதும் ஆற்றாமையில் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். அதனால் ஒப்பாரிக் கோச்சி என்றே அதற்குப் பேர். பதுளையில் அழத் தொடங்கினால் தெமோதரையில் ஒரு கூட்டம் அழும், பண்டாரவளையில் ஒரு கூட்டம் அழும், அட்டனில் ஒரு கூட்டம் அழும். பெரிய தாத்தா வீட்டின் அம்மிக்கல்லைக் கொண்டுபோக முடியவில்லை. தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அம்மியில்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் அரைக்கிறோம்.

தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அங்கிருந்து மண்டபம். தாத்தாவின் தாத்தா எந்த முகாமிலிருந்து வந்தாரோ அதே முகாமுக்குப் பேரன் திரும்பிப் போனார். கையில் குடும்ப அட்டை என்று ஒன்றைக் கொடுத்தார்கள். எங்கே போகிறாய், தோட்டமா, மில்லா, வியாபாரக் கடனா என்று கேட்டார்கள். கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் பிழைத்த ஆளுக்கு வியாபாரம் எங்கே தெரியும்? கடன் எடுத்தவர்கள் பல பேரின் காசைத் தரகர்கள் தின்றுவிட்டார்கள். வேலை தேடிக் கொடைக்கானல் மலைக்குப் போனவர்களில் சிலர் மரம் வெட்டுகிற ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமையாக மாட்டிக்கொண்டார்கள். 1980-களில்தான் அது வெளியே வந்தது. சில குடும்பங்கள் கேரளாவிலும் கர்நாடகத்திலும் ரப்பர் தோட்டங்களுக்குப் போயின.

பெரிய தாத்தாவுக்கு நீலகிரி கிடைத்தது. இலங்கையிலிருந்து போனவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசாங்கம் அங்கே காட்டை வெட்டித் தேயிலை போட்டது. டான்டீ என்று சொல்வார்கள், தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் அந்தத் தோட்டங்கள் இருக்கின்றன. அவர் எழுதிய முதல் கடிதத்தை அம்மாயி கடைசிவரைக்கும் வைத்திருந்தார். குளிர் நமுனுகுலயை விடக் கூட என்றும், இங்கேயும் தேயிலைதான், ஆனால் தூர் சின்னது என்றும், அட்டைக்கடி என்றும், யானை வருகிறது என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி. இங்கே எங்களைச் சிலோன்காரர் என்கிறார்கள் என்று.

இங்கே இருந்தவரைக்கும் இந்தியாக்காரன். அங்கே போனால் சிலோன்காரன். 1980-கள் வரைக்கும் அப்படிப் போனவர்கள், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, நாலரை இலட்சம் பேருக்கும் மேல். 1984-இல் கப்பல் நின்றது. அதோடு போகிறதும் நின்றது. இந்தியாவுக்கு மனுப் போட்டுவிட்டுப் போகாமல் இங்கேயே நின்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முழுதாக இந்த நாட்டுக் குடிமக்களானார்கள்.

நீலகிரிக்குப் போனவர்களும் சும்மா இருக்கவில்லை. அங்கேயும் சங்கம் வைத்தார்கள், சம்பளத்துக்குப் போராடினார்கள். 2022-இல் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் தேயிலை நிலத்தைக் காட்டு இலாகாவிடமே திருப்பிக் கொடுக்கப்போகிறோம் என்று அந்தக் கழகம் சொன்னபோது, ஓய்வு பெற்ற சனம் வீடு எங்கே என்று கேட்டுத் தெருவில் இறங்கியது. லயத்துக் காம்பிரா வேலையோடு கட்டிய காம்பிரா. வேலை போனால் வீடும் போகும். இங்கேயும் அதே கதை, அங்கேயும் அதே கதை.

மூன்றாவது ஆள் என் அம்மா.

1997-இல் நான் நாலாம் தரம் படிக்கும்போது அம்மா குவைத்துக்குப் போனார். அப்பாவுக்கு முதுகு நோவு. இரண்டு தங்கச்சிமார். வீட்டில் ஒரு சம்பளம். அம்மா போனது ஆசைப்பட்டு இல்லை. அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாடு போன பெண்களைப் பற்றி இஸ்தோப்பில் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் நம் லயத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய காசில் கூரைத் தகரம் மாற்றியவர்களும், பிள்ளையை ஏ.எல். படிப்பித்தவர்களும் நம் லயத்தில்தான் இருக்கிறார்கள். அந்தக் காசைக் கசிப்புக்குக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அண்ணன்மாரே, கோபப்படாதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

அப்போது கைப்போன் இல்லை. அம்மா கெசட்டில் பேசி அனுப்புவார். இரண்டு மாதத்துக்கு ஒரு கெசட். பக்கத்து வீட்டு ரேடியோவில் போட்டுக் கேட்போம். முதல் கெசட்டில் அம்மா சிரித்துச் சிரித்துப் பேசினார். மூன்றாவது கெசட்டில் பேசவே இல்லை, கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் சொன்னார். பிறகு ஒரு வருஷம் கெசட்டும் வரவில்லை, காசும் வரவில்லை.

நடந்தது என்னவென்றால், பேசிய சம்பளம் ஒன்று, கொடுத்த சம்பளம் ஒன்று. முதல் வீட்டில் ஏழு மாதம் கொடுக்கவேயில்லை. கடவுச்சீட்டு வீட்டுக்காரர் கையில். அம்மாவை அனுப்பிய ஏஜென்சிக்கு அப்பா எத்தனையோ தடவை போனார். ஒப்பந்தத்தைக் காட்டு என்றார்கள். அப்படி ஒன்று எங்களிடம் இருக்கவில்லை. அம்மா கொழும்பில் ஒரு கட்டிடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எத்தனை கடதாசியில் போட்டேன் என்றுகூட அவருக்கு ஞாபகமில்லை. அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது என்று மட்டும் சொன்னார்.

பக்கத்து வீட்டில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருவர் வேலை செய்திருக்கிறார். குப்பை போட வரும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். பாஷை தெரியாது, கையால்தான் பேச்சு. அந்தப் பெண் ஒருநாள் தன் பெட்டியிலிருந்து ஒரு கடதாசியைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். அவருடைய ஒப்பந்தம். எவ்வளவு சம்பளம், எத்தனை வருஷம், பிரச்சினை என்றால் எந்த நம்பருக்குப் பேச வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. அவர்தான் அம்மாவுக்கு நம் தூதுவராலயம் எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சொன்னவர். அம்மா அங்கே போய்ச் சேர்ந்து, வேறு வீடு மாறி, 2001-இல் திரும்பி வந்தார். வந்த நாளில் என் கடைசித் தங்கச்சி அம்மாவைப் பார்த்து ஆன்ட்டி என்று கூப்பிட்டது. அம்மா இன்றைக்கும் அதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்தப் பிலிப்பினோ அக்கா கையில் மட்டும் அந்தக் கடதாசி எப்படி இருந்தது? பெரிய ஆளான பிறகு நான் இதைத் தேடிப் படித்தேன். அவர்களும் நம்மைப் போலத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோகப்பட்ட சனம்தான்.

1906 டிசம்பரில் பிலிப்பைன்ஸிலிருந்து முதல் 15 பேரை ஹவாய்த் தீவுக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். பிறகு ஆயிரம் ஆயிரமாகப் போனார்கள். அங்கேயும் லயம் மாதிரி முகாம் வீடு. அங்கேயும் துரை, அங்கேயும் தோட்டக் கடையில் கடன். அங்கேயும் தொழிலாளிக்கு ஒரு இலக்கம் அடித்த உலோக வில்லை கொடுத்தார்கள். சம்பளப் புத்தகத்தில் பேருக்குப் பதிலாக அந்த இலக்கம்தான். நம் தாத்தாமாரின் தகரத் துண்டும் அவர்களின் உலோக வில்லையும் ஒரே காலத்தவை. ஜப்பான்காரருக்கு ஒரு முகாம், பிலிப்பினோக்காரருக்கு ஒரு முகாம் என்று பிரித்து வைத்தார்கள். ஒரு கூட்டம் வேலைநிறுத்தம் செய்தால் மற்றக் கூட்டத்தை வைத்து வேலை வாங்கலாம் அல்லவா? 1924-இல் ஹனபேபே என்ற ஊரில் வேலைநிறுத்தக்காரர் 16 பேரைப் பொலிஸார் சுட்டுக் கொன்றார்கள். பொலிஸாரும் 4 பேர் செத்தார்கள். நமக்கு 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணனைச் சுட்டது எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

1946-இல் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஹவாயில் பெரிய வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று தெரிந்ததும், முதலாளிமார் பிலிப்பைன்ஸிலிருந்து 6,000 பேரைப் புதிதாக இறக்கினார்கள். பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து குடும்பமாக வந்தவர்களும் அதில் இருந்தார்கள். சங்கம் என்ன செய்தது தெரியுமா? தோட்டத்துக்கு வந்து சேரும்வரைக்கும் காத்திருக்கவில்லை. கப்பலிலேயே சமையல் வேலை, பணிவிடை வேலை செய்த சங்கத்து ஆட்களைக் கொண்டு அவர்களோடு பேசி, கரையில் கால் வைக்கும் முன்னரே உறுப்பினராகச் சேர்த்துவிட்டது. உடைப்பதற்கென்று கொண்டுவந்த ஆட்களே வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். சுமார் 26,000 தொழிலாளர்கள் 79 நாள் நின்று வென்றார்கள்.

பிலிப்பைன்ஸ் அரசாங்கமும் சும்மா இருந்து நல்லதைச் செய்துவிடவில்லை. 1995-இல் சிங்கப்பூரில் ஒரு பிலிப்பினோப் பணிப்பெண்ணைத் தூக்கிலிட்டபோது அந்த நாடே தெருவில் இறங்கியது. அதே வருஷம் வெளிநாட்டுத் தொழிலாளரைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது. பிறகு வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மாதம் 400 டொலருக்குக் குறைந்த சம்பளத்துக்கு ஆள் அனுப்பமாட்டோம் என்றார்கள். 2012-இல் வீட்டுப் பணியாளருக்கான சர்வதேச தொழில் அமைப்பின் 189-ஆம் இலக்க உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். 2018-இல் குவைத்தில் ஒரு பணிப்பெண் கொல்லப்பட்டது வெளியே வந்தபோது ஆள் அனுப்புவதையே நிறுத்திவைத்தார்கள். கடவுச்சீட்டை வீட்டுக்காரர் எடுத்து வைக்கக்கூடாது, கைப்போனைப் பறிக்கக்கூடாது என்று குவைத்தோடு ஒப்பந்தம் எழுதிய பிறகுதான் விட்டார்கள். அதனால் அங்கே கொடுமை தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். தீரவில்லை. ஆனால் போகிற பெண்ணின் பெட்டியில் ஒரு கடதாசி இருக்கிறது. அது சண்டை போட்டு வாங்கிய கடதாசி.

நமக்கும் ஒரு மரணம் நடந்தது. மூதூரிலிருந்து 2005-இல் சவூதிக்குப் போன ரிசானா நபீக்கை மறந்திருக்கமாட்டீர்கள். பிறப்புச் சான்றிதழின்படி அப்போது அவளுக்கு 17 வயது. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி அனுப்பினார்கள். வீட்டு வேலைக்கென்று போனவளிடம் பச்சைக் குழந்தையைக் கொடுத்தார்கள். குழந்தை இறந்தது. 2013 ஜனவரி 9-ஆம் தேதி அவளுடைய தலையை வெட்டினார்கள். அந்தப் பிள்ளையின் வயதைக் கடதாசியில் மாற்றி எழுதிய கை ஒரு தரகனின் கை. அப்படிப்பட்ட கைகள் இன்னும் நம் லயத்துக்கு வந்துபோகின்றன. முதல் வருகையில் பிஸ்கட் பெட்டியோடு வருவார்கள்.

நாம் ஏன் போகிறோம் என்பதையும் பேசாமல் விட முடியாது. 2021-இல் ஆயிரம் ரூபாய்க்குச் சம்பள நிர்ணய சபை வரைக்கும் போய்ச் சண்டை பிடித்தோம். இந்த வருஷம் செப்டம்பரில் 1,350 ரூபாய் வந்தது. கொழுந்து இறாத்தல் குறைந்தால் அரைப்பேர். மழையென்றால் வேலையில்லை. அரிசியும் மாவும் விற்கிற விலையில் இந்தச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்க முடிந்தால் எந்தத் தாயும் பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு விமானம் ஏறமாட்டாள். ஆகவே சம்பளப் போராட்டமும் வெளிநாட்டுப் பிரச்சினையும் இரண்டல்ல. போகாதே என்று சொல்கிற உரிமை, இங்கே இருக்க வழி செய்கிறவனுக்குத்தான் உண்டு. எனவே நான் யாரையும் போகாதே என்று சொல்ல வரவில்லை. போகிற நேரத்தில் தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள் என்றுதான் சொல்ல வந்தேன்.

இனி வேலைக்கு வருகிறேன். தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, விசிட் விசாவில் போகாதீர்கள். அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றித் தருகிறேன் என்பான். 2022-இல் அப்படி ஓமானுக்குப் போன நம் நாட்டுப் பெண்கள் விற்கப்பட்டது பத்திரிகையெல்லாம் வந்தது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துதான் போக வேண்டும். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். பிரதேச செயலகத்திலும் இதற்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார். தனியாகப் போகத் தயக்கமென்றால் நான் கூட வருகிறேன்.

இரண்டாவது, ஒப்பந்தத்தைத் தமிழில் விளங்கப்படுத்தும்வரைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் ஒருநாளும் போடாதீர்கள். போட்ட பிறகு மூன்று பிரதி. ஒன்று உங்கள் பெட்டியில், ஒன்று வீட்டில், ஒன்று சங்கக் காரியாலயத்தில். கடவுச்சீட்டுக்கும் அதே மாதிரி. போன் இருக்கிறவர்கள் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வயதைக் கூட்டவோ குறைக்கவோ இடம் கொடுக்காதீர்கள். பொய் வயதில் போன ஆளுக்கு நாளைக்கு ஒரு வழக்கென்றால் பேசுவது கஷ்டம்.

நான்காவது, தோட்டத்து வேலையை விடும்போது சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள். என் அம்மா அப்படித்தான் போனார். பேரை வெட்டிவிட்டார்கள். பிறகு சேவைக்காலப் பணத்துக்கு அலைந்தோம். ஐந்து வருஷம் வேலை செய்திருந்தால் வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஈ.பி.எப்., ஈ.டி.எப். கணக்கும் இருக்கிறது. எழுத்தில் கடிதம் கொடுத்து, பிரதியில் நிர்வாகத்தின் கையெழுத்து வாங்குங்கள். கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.

ஐந்தாவது, வங்கிக் கணக்கு போகிற பெண்ணின் பேரில் இருக்கட்டும். வீட்டுச் செலவுக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று போவதற்கு முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். அண்ணன்மாரே, இதில் மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை. உழைக்கிறவர் பேரில் காசு இருப்பது நியாயம்தானே.

ஆறாவது, பிள்ளைகள். இதைச் சொல்லும்போது நான் சங்கத்து ஆளாக இல்லை, டீச்சராகச் சொல்கிறேன். போகப்போகிறீர்கள் என்றால் பள்ளிக்கூடத்துக்கு வந்து வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளை யாருடைய பொறுப்பில், நோய் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதிக் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும். அம்மா போன மாதத்தில் பிள்ளை வகுப்பில் தூங்கும், சண்டை பிடிக்கும், பேசாமல் இருக்கும். எங்களுக்குக் காரணம் தெரிந்தால் நாங்கள் பார்த்துக்கொள்வோம். தெரியாவிட்டால் மண்டு என்று நினைத்துவிடுவோம். நானும் அப்படி நினைத்த பிள்ளைகள் உண்டு. வெட்கத்தோடு சொல்கிறேன்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். தலைவர் இங்கே இருக்கிறார், அவர் முன்னாலேயே கேட்கிறேன். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு மாதர் உறுப்பினர்கள் பொறுப்பெடுத்து ஒரு கொப்பி வைக்க வேண்டும். நம் தோட்டத்திலிருந்து யார் எந்த நாட்டில், எந்த ஏஜென்சி மூலம், எந்த முகவரியில், கடைசியாக எப்போது பேசினார்கள் என்று அதில் எழுத வேண்டும். இரண்டு மாதம் ஒருவரின் சத்தம் இல்லையென்றால் வீட்டார் வந்து அழும்வரைக்கும் காத்திருக்காமல் நாமே பணியகத்தில் முறைப்பாடு போட வேண்டும். வேலைக்குப் போனவர்கள் சந்தா கட்டவில்லை என்று பேரை வெட்டாமல், உறுப்பினராகவே வைத்திருக்க வேண்டும். ஹவாய்ச் சங்கம் கப்பலுக்குள் போனது. நமக்குக் கட்டுநாயக்க வரைக்கும் போகத் தேவையில்லை. தரகன் வந்து உட்காருகிற அதே இஸ்தோப்புக்கு, அவனுக்கு முன்னால் நாம் போனால் போதும்.

நான் சொன்ன அந்த ஆறு வீடுகளின் விபரத்தை ஏற்கெனவே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டேன். இதோ கொண்டுவந்திருக்கிறேன். ஐந்து வீட்டுக்கு நேராக இன்னும் முகவரி வெறுமையாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் நான் இந்த மேசையிலேயே இருப்பேன். உங்கள் வீட்டில் யாராவது போயிருந்தால், போக நினைத்திருந்தால், வந்து பேரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.